பொற்செதிளும் தன்மையணியும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் பசையையும் தூரிகையையும் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் நகைப்பது இயல்பே. யாப்பும் அணியும் கற்பிப்பவனுக்கு வாழ்த்து மடல் செய்யும் கைவேலையில் என்ன உரிமை உண்டு என்று வினவுவோரும் இருப்பர். உரிமை இல்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். எனினும், சென்ற ஆவணி மாதத்தில் ஒரு சிறு புட்டியுள் அடங்கிய மினுங்கும் துணுக்குகள், முப்பது ஆண்டுகளாக நான் மாணவர்க்குச் சொல்லிவந்த பாடம் ஒன்றை எனக்கே திருப்பிச் சொல்லின. பாடம் சொல்லியவர் எவராயினும் அவர்க்கு நன்றி கூறுதல் மாணாக்கன் கடன். அக் கடனைக் கழிக்கவே இக் கட்டுரை.

நிகழ்ந்தது இதுதான். எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர்க்கு எண்பது அகவை நிரம்பியது. அவரிடம் பாடங்கேட்ட நாங்கள் சிலர் கூடி முத்துவிழா எடுப்பதெனத் தீர்மானித்தோம். விழா என்றால் வாழ்த்துப்பா இன்றி முடியுமா? அதனை இயற்றும் பணி என் தலையில் விழுந்தது. ஐந்து வெண்பாக்கள் பாடி முடித்தேன். பாடியதை அச்சகத்தில் கொடுத்து, மஞ்சட் பட்டில் அச்சிடுவித்து, கண்ணாடிச் சட்டமிட்டு வழங்குவது நம்மவர் வழக்கம். ஐயாவின் வீட்டிலும் அத்தகைய சட்டங்கள் ஒருகாலத்திற் சுவர் நிறைய இருந்தன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவை சுவரிலேயே தங்கிவிட்டன. ஐயா மீண்டு வந்தபோது அந்தச் சுவரும் இல்லை. "சட்டம் போட்டதைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது" என்று அவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னது என் நெஞ்சில் நின்றது. ஆதலின், இம்முறை கையில் அடங்குவதாய், நூல் ஒன்றின் ஏடுகளுக்கிடையே வைத்துக்கொள்ளத் தக்கதாய், கையாற் செய்த மடல் ஒன்றையே வழங்குவோம் என்றேன். நண்பர்களும் இசைந்தனர்.

மடலைச் செய்து தருவதாக முன்வந்தவள் எங்கள் கல்லூரியிற் பால பண்டித வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி. பொற்கொல்லர் பரம்பரையில் வந்தவள். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல இருக்கும். மறுநாள் வெள்ளை மட்டை ஒன்றையும், மூடியிட்ட சிறு புட்டி ஒன்றையும் கொணர்ந்தாள். புட்டிக்குள் காய்ந்த பூவிதழை நொறுக்கியிட்டாற்போலப் பொன்னிறத் துணுக்குகள் நிறைந்திருந்தன. மேலே ஒட்டிய தாளில் 'கில்டிங் பிளேக்ஸ்' என ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பொற்செதிள் என்று நான் தமிழிற் பெயர் சூட்டினேன். அவள் சற்றே தயங்கி, "ஐயா, செதிள் எண்டது சரி. பொன் எண்டது சரியில்லை" என்றாள். அப்போது அச் சொல்லை நான் பொருட்படுத்தினேன் அல்லேன்.

அவள் கூறியது உண்மையே. மெய்யான தங்கரேக்கு வேறு; இச் செதிள் வேறு. தங்கரேக்கின் நுண்மையை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒரு மில்லிமீற்றரை 10,000 கூறிட்டால் வரும் ஒரு கூறே அதன் தடிப்பு எனலாம். அவ்வளவிற்குத் தட்டின், நம் பெண்டிர் அணியும் ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கம், ஏறத்தாழ நான்கு சதுர மீற்றர் பரப்பை மூடவல்லதாகும். ஒளியின் எதிரே பிடித்து நோக்கினால் அதனூடாகப் பச்சை கலந்த நீலநிறம் தோன்றும். விரலாற் தொட்டால் விரலோடு ஒட்டிப்போகும். ஐரோப்பியத் தட்டார் இதனை மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வுகளுக்கிடையே வைத்துத் தட்டினர். யப்பானியர் பதப்படுத்திய கைத்தாள்களுக்கிடையே வைத்துத் தட்டுகின்றனர். அந்நாட்டுத் தங்கரேக்கு ஏறத்தாழ முழுவதும் கனசாவா என்னும் ஒரே நகரிலிருந்து வருவது. மர ஆலயங்களைப் பேணும் யப்பானியத் தொழிற்றிறன்களை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிட மரபுச்செல்வமாக ஏற்றபோது, அப் பொற்றகட்டுத் தொழிலும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

மடல் செய்வோர் வாங்கும் புட்டியில் உள்ளது பெரும்பாலும் செம்பும் நாகமும் கலந்த தகடு; அஃதாவது பித்தளை. ஆங்கிலர் அதனை ஒல்லாந்த உலோகம் என்பர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கோட்டை நினைவுக்கு வந்தாலும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வெள்ளிநிறச் செதிள் வேண்டுவோர்க்கு அலுமினியத் தகடு பயன்படுகின்றது. வெள்ளி கறுத்துப்போகும், அலுமினியம் கறுப்பதில்லை. சிவப்பும் நீலமும் ஊதாவும் விரவிய செதிள்களும் உண்டு. அவை தகட்டைச் சூடாக்கி நிறம் மாற்றப்பட்டவை. போலிப் பொற்றகட்டைக் காக்கைப்பொன் என்று அழைத்த வழக்கு நம்மிடம் முன்னரே இருந்தது. பெயரில் இகழ்ச்சி இருப்பினும், பொருளை மறைக்காத பெயர் அது.

இனி, என் பிழையைச் சொல்கிறேன். மடலை எவ்வாறு செய்யலாம் என்று மாணவி கேட்டாள். நான் சிறிதும் ஆராயாமல், "வெண்பாக்கள் ஐந்தும் பொன்னெழுத்தாய் இருக்க வேண்டும்" என்றேன். பொன்னெழுத்துக்களாற் பொறித்தல் என்பது நாம் மேடைதோறும் கூறிப் பழகிய தொடர் அன்றோ? அவள் மறுத்துரையாமல், நுண்ணிய தூரிகையாற் பசைகொண்டு முதல் வெண்பாவை எழுதினாள். செதிளைத் தூவும் பணியை நானே மேற்கொண்டேன். அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததை மறந்து புட்டியைத் திறந்தேன். பொன்மாரி பொழிந்தது! மடலிற் சிறிதும், மேசையிற் சிறிதும், என் மீசையிற் சிறிதும், பக்கத்திலிருந்த இலக்கண நூலிற் சிறிதுமாகச் செதிள்கள் படிந்தன. மடலில் விழுந்தவற்றை விரலால் அழுத்தினேன். வியர்வை பட்டு அவை விரலோடு வந்தன. எஞ்சியவை எழுத்தின் ஓரங்களை மீறிப் படர்ந்தன. ஒற்றுப் புள்ளிகள் அனைத்தும் பரந்து வீங்கின. 'ன'கரத்துக்கும் 'ண'கரத்துக்கும் வேறுபாடு அறிய இயலாத நிலை ஏற்பட்டது.

அதனினும் பெரிய குறை பின்னரே புலப்பட்டது. மடலைச் சாளரத்தருகே கொண்டுசென்று படிக்க முயன்றேன். ஒரு சாயலிற் பிடித்தால் எழுத்துக்கள் கண்ணைக் கூசச் செய்தன. மற்றொரு சாயலிற் பிடித்தால் மங்கி மறைந்தன. உலோகம் ஒளியைத் திருப்பியெறிவது. அதன் தோற்றம் பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப மாறும். எழுத்தோ எவ்விடத்து நின்று நோக்கினும் ஒன்றாய்த் தோன்ற வேண்டுவது. கண்ணாடியிட்ட எனக்கே இந்நிலை என்றால், பார்வை மங்கி ஒரு கண்ணாலே மட்டும் படிக்கும் ஐயாவுக்கு எப்படியிருக்கும்? படிக்க வேண்டியவரைப் படிக்கவொட்டாமற் செய்யும் வாழ்த்து என்ன வாழ்த்து? எனக்கு நாணம் உண்டாயிற்று.

மாணவி மேசையில் விழுந்த செதிள்களை மெல்லிய தூரிகையாற் கூட்டித் தாளில் ஏந்தி மறுபடியும் புட்டியில் இட்டாள். "பட்டறைக் குப்பையையும் அரிச்சுத்தான் எறியவேணும் எண்டு அப்பப்பா சொல்லுவார்" என்றாள். பின்பு, "ஐயா, எழுத்தைக் கறுப்பு மையாலை எழுதுவம். இது வேறை இடத்திலை இருக்கட்டும்" என்று பணிவோடு கூறினாள். நான் ஆசிரியன் என்னும் நினைவை ஒருபுறம் வைத்துவிட்டு, அவள் செய்வதைப் பார்த்திருந்தேன்.

முதலில் மட்டையை நடுவே மடித்தாள். அடிமட்டத்தை வைத்துக் கரண்டிக் காம்பால் ஒரு கோடு அழுத்திய பின்னரே மடித்தாள். அவ்வாறு செய்யாவிடின் மடிப்பு வெடித்து நார் தெரியும் என்றாள். அடுத்து, ஐந்து வெண்பாக்களையும் கறுப்பு மையால் எழுதி நன்கு உலரவிட்டாள். எழுத்து முதலில், மினுக்கம் பின்னர் என்பது அவள் முறை. உலோகத்தின்மேற் பேனா மை பற்றாது என்பது அதற்குக் காரணம். ஐரோப்பிய மடாலயங்களிற் சுவடி எழுதியோரும் பொதுவாக இதே ஒழுங்கையே கைக்கொண்டனர்: முதலில் எழுத்து, அடுத்துப் பொன், அதன்பின்னரே வண்ணம். வண்ணம் முந்தினால் அதன்மேலும் பொன் ஒட்டிக்கொள்ளும் அன்றோ?

மடலின் முகப்பில் குத்துவிளக்கு ஒன்றைக் கறுப்புக் கோட்டால் வரைந்தாள். பழைய எக்ஸ்றே படலம் ஒன்றிற் சுடரின் வடிவத்தை வெட்டியெடுத்து, அவ் வெட்டுவாயை விளக்கின் தலையிற் பொருத்தி, உள்ளே மட்டும் பசையைத் தடவினாள். பசை பாலைப்போல் வெண்மையாக இருந்தது. "இப்ப போடக்கூடாது ஐயா" என்று என் கையைத் தடுத்தாள். கால்மணி நேரம் கழிந்தது. வெண்மை நீங்கிப் பசை தெளிந்தது. விரலின் புறத்தாற் தொட்டுப் பார்த்தாள். ஈரம் ஒட்டவில்லை, பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. அதுவே பக்குவம். ஈரமிருக்கையில் இட்டால் செதிள் அமிழ்ந்து ஒளி இழக்கும். முற்றும் உலர்ந்தபின் இட்டால் பற்றாது.

மின்விசிறியை நிறுத்தி, சாளரத்தையும் சாத்தினாள். செதிள்களைத் தூரிகை நுனியால் எடுத்து நெருக்கமாக வைத்தாள். மேலே மெல்லிய தாளிட்டு வட்டமாகத் தேய்த்தாள். உலர்ந்த தூரிகையால் மேலெழுந்த துணுக்குகளைத் துடைத்தபோது, சுடர் தன் எல்லை பிசகாமல் நின்றது. உட்புறத்தில், வெண்பாக்களின் இடப்பக்க ஓரத்தில், பசையை விரலளவு அகலத்திற்கு ஒற்றியெடுத்து, கீழே செறிவாகவும் மேலே போகப்போக அரிதாகவும் சில செதிள்களைச் சிதறவிட்டாள். மறுநாள், தெளிந்த மெருகெண்ணெயை ஒருமுறை பூசினாள். காற்றும் ஈரமும் பட்டாற் பித்தளை மங்கிக் கறுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊரிற் கேட்கவும் வேண்டுமோ?

புட்டியிற் பத்திலொரு பங்குகூடச் செலவாகவில்லை. ஆயினும், மடலைத் திறந்தபோது என் கண் முதலில் எழுத்துக்களிற் சென்றது. பின்னரே ஓரத்து மினுக்கத்தைக் கண்டது. அன்று முதல் இத்தொழிலின் வரலாற்றில் எனக்கு ஆவல் பிறந்தது. நூல்களைத் தேடிப் படித்தேன். அவள் கைபோன போக்கிற் செய்ததைப் பெருங்கலைஞர்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருந்தனர்.

யப்பான் நாட்டிற் கியோட்டோ நகரத்து நிசி ஹொங்கன்ஜி ஆலயத்தில், முப்பத்தாறு புலவர்களின் பாடற்றொகை ஒன்று பேணப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. துறவு பூண்ட மன்னர் சிராகாவாவின் அறுபதாம் அகவை நிறைவுக்காக 1112ஆம் ஆண்டளவில் அது உருவாகியிருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். நாம் மணிவிழா மலர் வெளியிடுவதை ஒத்த செயல் இது! பல நிறத் தாள்களை வெட்டியும் கிழித்தும் ஒட்டி, அவற்றின்மேற் பொன், வெள்ளித் துணுக்குகளைத் தூவி, அதன்மேற் கறுப்பு மையாற் பாடல்களை எழுதினர். 1164ஆம் ஆண்டில் தைரா நோ கியோமோரி என்னும் தலைவர் தம் குலத்தார் சார்பில் இட்சுகுசீமா ஆலயத்துக்குக் காணிக்கையாக அளித்த பௌத்த சூத்திரச் சுருள்களிலும் இவ்வழகைக் காணலாம்.

அக் கலைஞர் பொற்றகட்டை மூவகையாக ஆண்டனர். சதுரச் சிறு துண்டுகளாக வெட்டியது ஒன்று. மயிரிழைபோல் நறுக்கியது ஒன்று. வலை கட்டிய மூங்கிற் குழாயில் இட்டு மணல்போற் தூவியது ஒன்று. பாரசீகத்திலும், அதனைப் பின்பற்றி முகலாயர் அவையிலும், அரச மடல்களுக்குப் பொற்றுகள் தூவிய தாளைப் பயன்படுத்தினர். இவற்றிலெல்லாம் பொன் தாளுக்கு உரியது. சொல் மைக்கு உரியது. எழுத்தையே பொன்னால் எழுதிய சுவடிகளும் உலகில் உண்டு. அவை பெரும்பாலும் கருநீலமோ ஊதாவோ தோய்ந்த தாளிலும் தோலிலும் எழுதப்பட்டவை. இருண்ட களத்திற் பொன்னெழுத்து விளங்கித் தோன்றும். வெள்ளை மட்டையிற் பொன்னெழுத்து எழுதச் சொன்ன என் போன்ற பண்டிதர் அங்கு இருக்கவில்லை போலும்.

நம் முன்னோரும் ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்குக் கரியைத்தான் பூசினர். பொன்னைப் பூசும் வல்லமை இல்லாமையால் அன்று. தஞ்சை ஓவியங்களிற் தங்கரேக்கு ஒட்டிய கைகள் நம்மவர் கைகளே. தெய்வத்தின் அணிகலனுக்கும் ஆசனத்துக்கும் பொன்னை வைத்த அவர்கள், திருமுகத்தில் வண்ணத்தையே தீட்டினர்.

இவ்வளவும் நிறைவாய் முடிந்தது என்று நான் எண்ணியிருந்தபோது, மாணவி மற்றோர் ஐயத்தைக் கிளப்பினாள். மூன்றாம் வெண்பாவில் 'பொன்னேட்டில்' என்று ஒரு சீர் அமைத்திருந்தேன். பொன்னேட்டில் உம் புகழை எழுதினோம் என்பது கருத்து. அவள் அச் சீரிற் கையை வைத்து, "ஐயா, இது பித்தளை. ஏடும் மட்டை. பாட்டிலை பொன்னேடு எண்டு இருக்கலாமோ?" என்று கேட்டாள். "அது உயர்வு நவிற்சி, பிள்ளை" என்றேன். "மடல் இல்லாட்டி உயர்வு நவிற்சி எண்டு விடலாம் ஐயா. மடல் பக்கத்திலை மினுங்கிக்கொண்டு இருக்கேக்கை, வாசிக்கிற ஆள் உண்மை எண்டுதானே நினைக்கும்?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என வகுத்து ஓதுகின்றது. அவற்றுள் முதலாவது உவமை அன்று, உருவகம் அன்று, உயர்வும் அன்று. தன்மையணியே முதலாவது. எப்பொருளையும் அதன் இயல்பு விளங்க உள்ளவாறே கூறுதல் தன்மை. உவமை அதன் பின்னரே வருகின்றது. ஆண்டுதோறும் இவ்வரிசையை ஒப்புவிக்குமாறு மாணவரைப் பணிப்பவன் நான். உள்ளதை உள்ளவாறு கண்டவன் அன்றோ அதற்கு உவமை தேடத் தகுதியுடையவன்? அவ்வரிசையின் பொருளை அன்றுதான் உணர்ந்தேன். அணி என்பது பொருளை மூடும் போர்வை அன்று. பித்தளையைப் பித்தளை என்று அறிந்து, அதன் ஒளி எவ்விடத்துக்கு வேண்டுமோ அவ்விடத்தில் மட்டும் வைத்தால் அஃது அணியாகின்றது. பொன் என்று பெயரிட்டு எங்கும் அப்பினால் அதுவே பொய்யாகின்றது. சொல்லுக்கும் இந்நியாயம் பொருந்தும். நம் வாழ்த்துரைகளில் எத்தனை 'பொன்னேடுகள்', எத்தனை 'இமயங்கள்', எத்தனை 'கடல்கள்'! வாழ்த்தப்பட்டவர் யார், என்ன செய்தார் என்பது அம் மினுக்கத்தில் எங்கோ மறைந்துபோகின்றது.

அன்றிரவு வெண்பாவைத் திருத்த அமர்ந்தேன். 'பொன்னேட்டில்' என்பதை 'நன்னேட்டில்' என மாற்றினேன். தளை கெடவில்லை, எதுகையும் நின்றது. மோனையைச் சீர்செய்யத்தான் ஒருமணி நேரம் சென்றது. அத்துடன் அமையாமல் மற்றை நான்கையும் எடுத்துப் படித்தேன். ஐயாவைக் கடலென்றும் மலையென்றும் பாடியிருந்த ஒரு வெண்பாவை முற்றாக நீக்கினேன். மழைநாளிற் சைக்கிளில் ஏழு மைல் வந்து, நனைந்த வேட்டியோடு எங்களுக்கு நன்னூல் நடத்தியதை அவ்விடத்திற் பாடினேன். மாணவி முகஞ்சுளிக்காமல் புதிய மட்டையில் மீண்டும் எல்லாவற்றையும் எழுதினாள்.

விழாநாள் வந்தது. ஐயா மடலை வாங்கி, சாளரத்துப் பக்கம் திரும்பி, நல்ல கண்ணருகே பிடித்தார். முதல் வெண்பாவைத் தாமே வாய்விட்டுப் படித்தார். சைக்கிள் வந்த இடத்திற் சற்றே நிறுத்தினார். பிறகு முகப்புக்குத் திருப்பி, விளக்கின் சுடரைப் பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"இது பொன்னோ?" என்று கேட்டார்.

சபை நிறைய ஆட்கள். ஆம் என்று சொல்லிவிட்டால் அவர் உள்ளம் குளிரும், சபையும் மகிழும் என்றொரு நினைவு எனக்கு எழாமல் இல்லை. நான் வாய்திறக்குமுன் மாணவி முன்வந்து, "இல்லை ஐயா, பித்தளைத் தகடு" என்றாள்.

"கறுக்குமோ?"

"மெருகெண்ணெய் பூசியிருக்கிறன் ஐயா. ஆனாலும் கனகாலம் போனால் கறுக்கும்."

ஐயா சிரித்தார். "கறுக்கட்டும், பிள்ளை. எழுத்து முன்னமே கறுப்புத்தானே" என்றார்.

மடலை மூடி, அருகிருந்த நூலின் ஏடுகளுக்கிடையே வைத்துக்கொண்டார்.